பெயரோடு எழுதும் பத்திரிகை

எல்லா ஊரிலும் கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பழைய சைக்கிளை வைத்துக் களை எடுக்கும் கருவி செய்வார். இன்னொருவர் புது மாதிரி அடுப்பு செய்வார். ஊரார் பார்ப்பார்கள். "நல்லா இருக்கே" என்பார்கள். அதோடு சரி. அவர் காலத்துக்குப் பிறகு அந்த வேலை மறைந்து போகும். பக்கத்து ஊருக்குக்கூடத் தெரியாது.

இல்லாவிட்டால் வேறொன்று நடக்கும். வெளியூரில் இருந்து யாரோ வருவார். பார்ப்பார். அதே போலச் செய்து விற்பார். கண்டுபிடித்தவர் பெயர் எங்கும் இருக்காது.

இதை மாற்ற நினைத்த ஒரு பத்திரிகை உண்டு. அது குஜராத் மாநிலத்தில் தொடங்கியது.

குஜராத்தின் பெரிய நகரம் அகமதாபாத். அங்கே இந்திய மேலாண்மைக் கழகம் என்ற புகழ் பெற்ற கல்வி நிலையம் இருக்கிறது. அனில் குப்தா அங்கே பேராசிரியராக இருந்தார். அவர் கிராமம் கிராமமாகப் போவார். விவசாயிகள், மாடு வளர்ப்பவர்கள், கைவினைஞர்கள் சொல்வதைக் கேட்பார். கேட்டதைக் கட்டுரையாக எழுதுவார். அவருக்குப் பேரும் புகழும் வந்தன. ஆனால் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருந்தன. விஷயத்தைச் சொன்ன விவசாயியால் அதைப் படிக்க முடியாது. இது நியாயமா? இந்தக் கேள்வி அவர் மனத்தை உறுத்தியது.

தேனீயை நினைத்துப் பாருங்கள். அது பூவில் இருந்து தேன் எடுக்கிறது. பூவுக்கு நஷ்டம் இல்லை. ஒரு பூவின் மகரந்தத் தூளை இன்னொரு பூவுக்குக் கொண்டு போகிறது. அதனால் காய் பிடிக்கிறது. மக்களிடம் அறிவைக் கேட்டு எழுதுகிறவரும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று குப்தா நினைத்தார். நண்பர்களோடு சேர்ந்து 1990இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு "ஹனி பீ" என்று பெயர் வைத்தார். ஹனி பீ என்றால் தேனீ.

அந்தப் பத்திரிகைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. சொன்னவர் பெயரும் ஊரும் அச்சில் வர வேண்டும். எழுதியது அவர் மொழியில் அவருக்கே திரும்பிப் போக வேண்டும். அதனால் பணம் வந்தால் அவருக்கும் பங்கு தர வேண்டும். இவற்றில் முதல் கட்டுப்பாடுதான் பெரியது என்று சொல்லத் தோன்றுகிறது. பெயர் இருந்தால்தானே பங்கு கேட்க முடியும்?

ஹனி பீ ஆங்கிலத்தில் வந்தது. குஜராத்தி மொழியில் "லோக் சர்வாணி" வந்தது. தமிழில் மதுரையில் இருந்து "நம்வழி வேளாண்மை" வந்தது. மாட்டு வைத்தியம், பூச்சி விரட்டும் முறை, புதுக் கருவி எல்லாம் இவற்றில் இடம் பெற்றன.

எழுதினால் மட்டும் போதுமா? போதாது. கருவியைச் செய்து விற்கப் பணம் வேண்டும். பட்டறை வேண்டும். வாங்க ஆள் வேண்டும். அதனால் 1993இல் சிருஷ்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1997இல் கியான் என்ற அமைப்பு வந்தது. கண்டுபிடிப்பைத் தொழிலாக மாற்ற உதவுவது அதன் வேலை. 1998இல் இருந்து கிராமங்களுக்கு நடைப்பயணம் போனார்கள். கடும் வெயிலிலும் நடந்தார்கள். 2000ஆம் ஆண்டில் தேசியப் புத்தாக்க நிறுவனம் உருவானது. இதற்கு மத்திய அரசு பணம் தருகிறது. ஒரு சின்னப் பத்திரிகை இத்தனை தூரம் வந்துவிட்டது!

இப்போது இரண்டு பேரைப் பார்ப்போம்.

அம்ரேலி மாவட்டத்தில் மழை குறைவு. பஞ்ச காலத்தில் மாட்டுக்குத் தீவனம் கிடைக்காது. மாடு இல்லாமல் உழுவது எப்படி? மன்சுக்பாய் ஜகானி புல்லட் மோட்டார் சைக்கிளை எடுத்தார். பின் சக்கரத்தைக் கழற்றினார். அந்த இடத்தில் இரண்டு சக்கரம் வைத்த ஏர்ச் சட்டத்தைப் பொருத்தினார். இதற்குப் "புல்லட் சாந்தி" என்று பெயர். (நம் ஊரில் சாந்தி என்றால் அமைதி. அந்த வண்டியின் சத்தத்துக்கும் அமைதிக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே சாந்தி என்றால் ஏர்க் கருவி.) அதற்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அவர் பெயரில் காப்புரிமை கிடைத்தது.

அடுத்தவர் வாங்கானேர் ஊரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி. குயவர் குடும்பம். பத்தாம் வகுப்பில் தேறவில்லை. டீ விற்றார். ஓடு செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். பிறகு கடன் வாங்கி மண் தவா செய்து விற்றார். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பெரிய பூகம்பம் வந்தது. ஒரு செய்தித்தாளில் உடைந்த பானையின் படம் வந்தது. ஏழையின் ஃபிரிட்ஜ் உடைந்தது என்று அதன் கீழே எழுதி இருந்தார்கள். அதைப் பார்த்தார் பிரஜாபதி. மண்ணிலேயே ஃபிரிட்ஜ் செய்தால் என்ன என்று யோசித்தார். பல முறை செய்து பார்த்தார். கடைசியில் வெற்றி கிடைத்தது. மேல் தட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது மண் சுவரில் கசிந்து காற்றில் உலரும். அப்போது உள்ளே குளிர்ச்சி உண்டாகும். காய்கறி சில நாள் வாடாது. மின்சாரம் வேண்டாம். அதன் பெயர் மிட்டிகூல். அது ஊர் கடந்து போகக் கியான் அமைப்பும் உதவியது.

காப்புரிமை என்றால் என்ன? புதுப் பொருளைக் கண்டுபிடித்தவருக்கு அரசு தரும் உரிமை. 20 ஆண்டுகளுக்கு அவரைக் கேட்காமல் வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது. பாட்டி வைத்தியம் போன்ற பழைய அறிவுக்கு இது கிடையாது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கவனமாகப் படியுங்கள். காப்புரிமை கேட்டு மனுக் கொடுக்கும் முன்பே விவரம் முழுவதும் அச்சில் வந்துவிட்டால், அது புதுப் பொருள் இல்லை என்று ஆகிவிடும். பிறகு காப்புரிமை கிடைப்பது கடினம். நல்லெண்ணத்தோடு எழுதியவரே கண்டுபிடித்தவருக்குக் கெடுதல் செய்தவர் ஆவார். ஆகவே முதலில் அவரிடம் கேட்க வேண்டும். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அவர் சொல்லட்டும். கருவியின் பயனை மட்டும் எழுதலாம். உள்ளே என்ன செய்தார் என்பதை விட்டுவிடலாம்.

2016இல் மத்திய அரசு "ஸ்டார்ட்அப் இந்தியா" திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூர்க் கம்பெனிகளைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன. எழுதட்டும். ஆனால் வாங்கானேரில் மண் பிசைந்தவர் தொடங்கியதும் புதுத் தொழில்தானே? அதை யார் எழுதுவது?

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். தேசியப் புத்தாக்க நிறுவனத்துக்கு எந்த இந்திய மொழியிலும் எழுதலாம். கட்டணம் இல்லை. அவர் பெயர், ஊர், என்ன கஷ்டத்தைத் தீர்க்க அதைச் செய்தார் என்பதை எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் பரவாயில்லை. எழுதி முடித்ததும் அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகு தபாலில் போடுங்கள்.