ஒரு நாள் ஐ.வி.: நம்ம ஊர் பீங்கான் நகரம் விருத்தாசலம்

சீனாவுல ஜியாங்சி மாகாணத்துல ஜிங்டெஜென்னு ஒரு ஊர். ஆயிரம் வருஷத்துக்கு மேல பீங்கான் செய்யுற ஊர். நாம பாடத்துல படிக்கிற ‘கயோலின்’ங்கிற பேரே அதுக்குப் பக்கத்துல இருக்குற காவ்லிங் கிராமத்துல இருந்து வந்ததுதான். பழைய பீங்கான் ஃபேக்டரியையே கடைத்தெருவா மாத்தி, அங்க சுற்றுலா நடத்துறாங்க. அதை வீடியோவுல பார்த்து பெருமூச்சு விடுற நமக்கு, கடலூர் மாவட்டத்துலயே ஒரு பீங்கான் ஊர் இருக்கு. பாஸ்போர்ட் வேண்டாம்.

எப்படிப் போறது?

விருத்தாசலம் ஜங்ஷன், சென்னை–திருச்சி கார்டு லைன்ல விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் நடுவுல இருக்கு. சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கிருந்து தனித்தனி பாதை பிரியும். எழும்பூர்ல இருந்து எக்ஸ்பிரஸ்ல சுமார் மூணு மணி நேரம்.

எப்போ போறது?

நவராத்திரிக்கு முந்தின மாதங்கள் கொலு பொம்மை சீசன். அதுக்கப்புறம் கார்த்திகை அகல் விளக்கு. வேலை நாள்ல, காலையில போங்க. மே மாசம் வேண்டாம். வெயிலோட சூளைச் சூடும் சேரும்.

என்ன பார்க்கலாம்?

செராமிக் தொழிற்பேட்டைன்னு கேட்டுப் போங்க. நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்கு மேல இருக்குற மண் அடுக்குகள்ல வெள்ளைக் களிமண்ணும் உண்டு. அது பக்கத்துலயே கிடைச்சதுதான் இந்தத் தொழிலுக்குப் பலம். செராமிக் டிப்ளமோவுக்கு இங்க தனியா ஒரு அரசு கல்லூரியும் இருக்கு.

பொம்மை செய்யுறது நம்ம கண்ணுக்கு ஒரு லேப். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூணையும் தண்ணியில கரைச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல ஊத்துவாங்க. அச்சு தண்ணியை உறிஞ்ச, சுவர் ஓரமா மண் கெட்டியாகும். மிச்சத்தைக் கவிழ்த்துட்டா உள்ளே வெற்றிடமான பொம்மை ரெடி. களிமண் உருவம் கொடுக்கும், ஃபெல்ட்ஸ்பார் சூட்டுல உருகி இடைவெளியை அடைக்கும், குவார்ட்ஸ் உருவம் சரியாம தாங்கும். நல்ல பீங்கானுக்கு 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடு வேணும்.

எல்லாம் தனியார் பட்டறை. அனுமதி கேட்டுட்டு உள்ள போங்க, போட்டோவுக்கும் கேளுங்க. சுடாத பொம்மையைத் தொடாதீங்க, விரல் பட்டாலே உடையும். மாஸ்க் போடுங்க, சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது. நமக்கு ஒரு மணி நேரம்தான். அங்க வேலை செய்யுறவங்களுக்கு அது தினமும்.

வாங்கும்போது: விரலால தட்டிப் பாருங்க. ‘டங்’னு கேட்டா நல்லது, மந்தமா கேட்டா எங்கேயோ விரிசல். கிளேஸ் இல்லாத அடிப்பாகத்துல ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. உடனே உறிஞ்சினா சரியா வேகலை.

மதியத்துக்குள்ள கோயில்

மணிமுத்தாற்றங்கரையில பழமலைநாதர் கோயில். ஊரோட பழைய பேர் திருமுதுகுன்றம். படி இறங்கிப் போய் பார்க்குற ஆழத்துப் பிள்ளையாரை விட்டுடாதீங்க. சுந்தரர் இங்க ஆத்துல பொன்னைப் போட்டு திருவாரூர் குளத்துல எடுத்தார்னு கதை. ‘ஆத்துல போட்டு குளத்துல தேடுறது’ன்னு நாம சொல்றோமே, அதே ஆறுதான் இது. மதியம் நடை சாத்திடுவாங்க, முன்னாடியே போயிடுங்க.

ஏன் போகணும்?

தாத்தா வீட்டு மெயின் போர்டுல வெள்ளையா ஒரு ஃப்யூஸ் கேரியர் இருக்கும், ஞாபகம் இருக்கா? அதுவும் இந்த ஊர்ல செஞ்ச பொருள்தான். எம்.சி.பி. வந்ததும் புது வீடுகள்ல அதுக்கு வேலை இல்லாம போச்சு. பொம்மையும் விளக்கும் சீசனை நம்பித்தான் ஓடுது. ஜிங்டெஜென்ல மண்ணு மட்டும் இல்லை, தேடிப் போற ஆளும் இருக்காங்க. இங்க மண்ணும் சூளையும் கை வேலையும் இருக்கு. ஆளுதான் குறைவு.

அதனால அடுத்த ஐ.வி.க்கு இந்த ஊரையும் லிஸ்ட்ல சேருங்க. சூளையில வீணாகுற வெப்பம், தூசியை இழுக்குற எளிய ஃபேன், புது அச்சு டிசைன்னு மூணு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அங்கேயே கிடைக்கும். வரும்போது பட்டறையிலயே ஒரு பொம்மையாவது வாங்குங்க, பேரம் பேசாம. பழைய நியூஸ்பேப்பர் கொண்டு போங்க. ரயில்ல உடையாம சுத்தி எடுத்துட்டு வர அதுதான் பெஸ்ட்.