இறுதிப் போட்டி இல்லாத பட்டம்

கால்பந்து என்றாலே உலகக் கோப்பைதான் என்று பழகியவர்களுக்கு ஐரோப்பிய லீக் ஒன்றின் சீசன் முதலில் பிடிபடாது. அரையிறுதி கிடையாது, இறுதிப் போட்டி கிடையாது. ஆகஸ்டில் தொடங்கி மே வரை வாராவாரம் ஆட்டம் நடக்கும். பிறகு ஒருநாள், இன்னும் பல ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போதே, ஓர் அணி சாம்பியன் ஆகிவிட்டது என்று செய்தி வரும். 2024 ஏப்ரல் 14 அன்று ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் அப்படித்தான் நடந்தது. வெர்டர் பிரேமனை 5-0 என்று வென்ற லெவர்குசன் அணி, ஐந்து ஆட்டங்கள் பாக்கியிருக்கையில் ஜெர்மனியின் உயர்மட்ட லீக்கான புன்டெஸ்லிகாவின் பட்டத்தைப் பெற்றது. ஃப்ளோரியான் விர்ட்ஸ் மூன்று கோல் அடித்தார். கடைசி விசிலுக்குக் காத்திருக்க முடியாமல் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள்.

அந்த 2023-24 சீசனை எடுத்துக்கொண்டால் ஒரு லீக் எப்படி இயங்குகிறது என்பதை எளிதாகச் சொல்லிவிடலாம். பட்டம் முன்பே முடிவானாலும், பட்டியலின் நடுவிலும் அடியிலும் கடைசி நாள்வரை உயிர் இருந்த சீசன் அது.

கணக்கு எளியது. புன்டெஸ்லிகாவில் 18 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 17 அணிகளோடும் சொந்த ஊரில் ஒரு முறை, எதிரணியின் ஊரில் ஒரு முறை என மொத்தம் 34 ஆட்டங்கள் ஆடும். வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. புள்ளிகள் சமமானால் அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து, அந்த வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். இது பேருக்கு வைத்த விதி அல்ல. அதற்கு முந்தைய சீசனில் பயர்ன் மியூனிக்கும் டோர்ட்மண்டும் தலா 71 புள்ளிகளோடு முடித்தன. கோல் வித்தியாசத்தால்தான் பட்டம் மியூனிக்குக்குப் போனது. அது அந்த அணிக்குத் தொடர்ந்து 11ஆவது பட்டம்.

ஏப்ரல் 14 அன்று லெவர்குசனிடம் 79 புள்ளிகள். அடுத்திருந்த மியூனிக்கும் ஸ்டுட்கார்ட்டும் தலா 63. மிச்சமிருந்த ஐந்து ஆட்டங்களையும் வென்றாலும் கூடக்கூடியது 15, வித்தியாசமோ 16. லீக்கில் பட்டம் இப்படித்தான் முடிவாகிறது. பின்னால் வருபவர் எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விட்டால் போதும்.

லெவர்குசனைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேயர் மருந்து நிறுவனத்தின் தொழிலாளர்களுக்காக 1904இல் உருவான விளையாட்டுச் சங்கம் அது. அதுவரை ஜெர்மன் லீக் பட்டம் ஒன்றுகூட அதற்குக் கிடைத்ததில்லை. கிடைக்காத விதமும் கொடுமையானது. 2000இல் கடைசி நாளில் ஒரு டிரா போதும் என்ற நிலையில், உன்டர்ஹாக்கிங் என்ற சின்ன அணியிடம் 2-0 என்று தோற்றது. 2002இல் மூன்று ஆட்டங்கள் மிச்சமிருக்க ஐந்து புள்ளி முன்னிலையில் இருந்தும் லீக்கைக் கோட்டைவிட்டது. அடுத்த சில நாள்களில் ஜெர்மன் கோப்பை இறுதிப் போட்டியிலும், ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதியிலும் தோற்றது. எப்போதும் இரண்டாம் இடம்தான் என்ற கேலி அந்த ஊரோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

2022 அக்டோபரில் ஷாபி அலோன்சோ பயிற்சியாளராக வந்தபோது அணி 17ஆம் இடத்தில், அதாவது கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. ஆடுகளத்தில் பெரும்பெயர் பெற்றவர் என்றாலும், ஒரு நாட்டின் உயர்மட்ட லீக்கில் மூத்தோர் அணி எதையும் அவர் அதுவரை நடத்தியதில்லை. அந்த சீசனை ஆறாம் இடத்தில் முடித்தார். அடுத்த சீசனில் 34 ஆட்டங்களில் 28 வெற்றி, 6 டிரா, தோல்வி ஒன்றுமில்லை. 90 புள்ளிகள், அடித்தது 89 கோல், வாங்கியது 24. 1963இல் தொடங்கிய புன்டெஸ்லிகாவில் ஒரு முழு சீசனை எந்த அணியும் அதற்குமுன் தோல்வியின்றி முடித்ததில்லை.

எப்படி முடிந்தது? கிரானிட் ஷாகா நடுக்களத்தில் ஆட்டத்தின் வேகத்தைக் கையில் வைத்திருந்தார். இரு ஓரங்களிலும் கிரிமால்டோவும் ஃப்ரிம்பாங்கும் தற்காப்பிலிருந்து தாக்குதலுக்கு ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் என்னைக் கேட்டால், அந்த அணியின் தனிக்குணம் 90ஆவது நிமிடத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. செப்டம்பரில் மியூனிக் நகரில் 2-2 என்று சமன் செய்தது, ஜனவரியில் ஆக்ஸ்பர்க்கையும் லைப்சிக்கையும் அடுத்தடுத்த வாரங்களில் வென்றது, பட்டம் கையில் வந்த பிறகும் டோர்ட்மண்டோடும் ஸ்டுட்கார்ட்டோடும் தோல்வியைத் தவிர்த்தது என எல்லாமே நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் விழுந்த கோல்களால். ஒருமுறை நடந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப நடந்ததை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதற்றத்தில் பந்தைத் தூக்கி அடிக்காமல், கடைசி நொடிவரை தங்கள் ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் மியூனிக்குக்கும் நியாயம் செய்ய வேண்டும். முந்தைய ஆண்டு 71 புள்ளிகளோடு சாம்பியனான அந்த அணி, இந்த ஆண்டு 72 புள்ளிகள் எடுத்து மூன்றாமிடம் போனது. புதிதாக வந்த ஹாரி கேன் 36 கோல்களோடு லீக்கில் முதலிடம் பிடித்தார். அவர்கள் தேயவில்லை, மற்றவர்கள் வளர்ந்தார்கள். 73 புள்ளிகளோடு இரண்டாமிடம் வந்த ஸ்டுட்கார்ட், ஓராண்டுக்கு முன் 16ஆம் இடத்தில் முடித்து, தகுதி ஆட்டத்தில் ஹாம்பர்க்கை வென்று, கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிப் பிழைத்த அணி.

லீக் அட்டவணையில் இரண்டாம் இடத்துக்கும் கீழ் இடங்களுக்கும் என்ன மதிப்பு? முதல் நான்கு இடங்களுக்கு அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் உரிமை உண்டு. அதில் பெரும் வருமானமும் உண்டு. அந்த ஆண்டு ஐரோப்பியப் போட்டிகளில் ஜெர்மன் அணிகள் நன்றாக ஆடியதால் ஐந்தாம் இடத்துக்கும் அந்த வாய்ப்புக் கிடைத்தது. ஐந்தாமிடத்தில் இருந்தது டோர்ட்மண்ட். அதே டோர்ட்மண்ட்தான் அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிவரை போய் ரியல் மாட்ரிட்டிடம் தோற்றது. சொந்த நாட்டில் சாம்பியனைவிட 27 புள்ளிகள் பின்தங்கிய அணி, ஐரோப்பாவின் இறுதிப் போட்டியில்! லெவர்குசனுக்கோ அந்த சீசனில் எல்லாப் போட்டிகளிலுமாக ஆடிய 53 ஆட்டங்களில் ஒரே தோல்வி, ஐரோப்பியப் போட்டிகளின் இரண்டாம் தட்டான யூரோப்பா லீக்கின் இறுதிப் போட்டியில் அட்டலாண்டாவிடம் 3-0 என்று வந்தது. நாக்-அவுட் ஆட்டம் ஓர் இரவைச் சோதிக்கிறது, லீக் ஒன்பது மாதங்களைச் சோதிக்கிறது. கடினமான சோதனை லீக்தான் என்பது என் உறுதியான கருத்து.

இனி அட்டவணையின் அடிப்பகுதி. கடைசி இரண்டு அணிகள் நேரே இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். 16ஆம் அணி, இரண்டாம் பிரிவில் மூன்றாமிடம் பிடித்த அணியோடு இரண்டு ஆட்டங்கள் ஆடித் தன் இடத்தைக் காக்க வேண்டும். இறங்கினால் தொலைக்காட்சி வருமானம் சரியும், நல்ல ஆட்டக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். ஆகவே பட்டம் ஐந்து வாரங்களுக்கு முன்பே முடிவான பின்னும் கடைசிச் சனிக்கிழமை எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. ஒருவர் முடிவை அறிந்து இன்னொருவர் ஆடக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. டார்ம்ஷ்டாட் முன்பே இறங்கிவிட்டது. அன்று கொலோனும் இறங்கியது. பெர்லினில் யூனியன் அணி ஃப்ரைபர்க்கோடு 1-1 என்று நின்றது. கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டி வீணானது. திரும்பி வந்த பந்தை யானிக் ஹாபெரர் உள்ளே தள்ளினார். அந்த ஒரு கோலால் யூனியன் 33 புள்ளிகளை எட்டி, அதே 33 புள்ளிகள் வைத்திருந்த போகமைக் கோல் வித்தியாசத்தால் 16ஆம் இடத்துக்குத் தள்ளியது. போகம் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் சொந்த ஊரிலேயே டுசல்டார்ஃபிடம் 3-0 என்று தோற்றது. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். நான்கு நாள் கழித்து எதிரணியின் ஊரில் 3-0 என்று வென்று, பெனால்டி ஷூட்-அவுட்டில் 6-5 என்று பிழைத்தது.

ஜெர்மன் லீக்கைச் சொல்லும்போது ரசிகர்களை விட்டுவிட முடியாது. அங்கே கிளப்பின் வாக்குகளில் பாதிக்கும் மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பது விதி. பணக்காரர் ஒருவர் வந்து மொத்தமாக விலைக்கு வாங்க முடியாது. லெவர்குசனுக்கும் வோல்ஃப்ஸ்பர்க்குக்கும் விலக்கு உண்டு, அவற்றின் தாய் நிறுவனங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவற்றை ஆதரித்து வந்தன என்பதால். 2023 டிசம்பரில், லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்குக் கொடுக்கும் திட்டத்துக்கு முதல் இரு பிரிவுகளின் 36 கிளப்புகளில் 24 ஆதரவளித்தன. தேவையான மூன்றில் இரண்டு பங்கு சரியாக அவ்வளவுதான். அடுத்த வாரங்களில் ரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்து எறிந்த டென்னிஸ் பந்துகள் மைதானங்களுக்குள் விழுந்தன, ஆட்டங்கள் நின்று நின்று நடந்தன. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் நிர்வாகம் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது. ஆட்டம் தடைபட்டது எரிச்சலாக இருந்தது என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கோ, பேச்சுவார்த்தை நின்றது அந்த சீசனின் மிக முக்கியமான முடிவுகளில் ஒன்று.

நடுப்பகுதியிலிருந்தும் ஓர் அணி. சுமார் 50,000 பேர் வாழும் ஹைடன்ஹைம் என்ற ஊரின் அணி, முதன்முறையாக மேல் பிரிவுக்கு வந்து எட்டாமிடம் பிடித்தது. அதன் பயிற்சியாளர் ஃப்ராங்க் ஷ்மிட் 2007இலிருந்து அங்கேயே இருக்கிறார். ஏப்ரலில் இரண்டு கோல் பின்தங்கிய நிலையிலிருந்து மியூனிக்கை 3-2 என்று வென்றது அந்த அணி. ஐரோப்பியப் போட்டிகளின் மூன்றாம் தட்டான கான்ஃபரன்ஸ் லீக்கில் ஆடும் வாய்ப்பும் அதற்குக் கிடைத்தது.

இறங்கிய இரு அணிகளின் இடத்துக்கு இரண்டாம் பிரிவிலிருந்து ஏறியவை ஹாம்பர்க்கின் சாங்க்ட் பவுலியும் ஹோல்ஸ்டைன் கீலும். சாங்க்ட் பவுலி 13 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தது. ஜெர்மனியின் வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனிலிருந்து புன்டெஸ்லிகாவுக்கு ஏறிய முதல் அணி கீல்தான். ஆகஸ்டில் 18 அணிகளும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கின.