நான்காம் மாடி – 7: கண்ணில் பட்டது மட்டும்

ஃப்ரிட்ஜைத் திறக்கக் கூடாது. மேசை டிராயரை இழுக்கக் கூடாது. துணி அலமாரியின் கதவு ஒருக்களித்திருந்தாலும் விரலால் தள்ளிப் பார்க்கக் கூடாது. அறையின் நடுவில் நின்று, நின்ற இடத்திலிருந்து என்ன தெரிகிறதோ அதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். புகை அலாரத்தின் மேல் யாராவது சாக்ஸை மாட்டி மூடியிருக்கிறார்களா, மெழுகுவத்தி ஏற்றிய தடம் இருக்கிறதா, எக்ஸ்டென்ஷன் வயர் கட்டிலுக்கு அடியில் போகிறதா, அவ்வளவுதான். அறைகளைப் பார்வையிடப் போகும் எங்களுக்கு ஆகஸ்ட் மாதப் பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தந்த விதி இது: கண்ணில் பட்டது மட்டும்.

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வரி. முதுகலை படிக்க வந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில், முதலாண்டு மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றின் நான்காம் மாடிக்கு நான் ரெசிடென்ட் அசிஸ்டென்ட். எல்லோருக்கும் ஆர்.ஏ. சம்பளத்தின் பெரும்பகுதி அறையாகவும் சாப்பாடாகவும் வந்துவிடும். மாணவர் விசாவில் வந்தவர்கள் வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வேலை பார்க்க முடியாது. அந்த 20 மணிக்குள் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் தீர்த்துவைக்கிற வேலை வேறு எனக்குத் தெரிந்து இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து அம்மா போனில் கேட்டது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. "ஏட்டி, வார்டன் வேல பாக்கதுக்கா அமெரிக்காவுக்குப் போன?"

அம்மா சொன்ன வார்டனை எனக்கும் தெரியும். கல்லூரி விடுதியில் சாயங்காலம் ஆறரைக்கு கேட் பூட்டும். நோட்டில் போன நேரமும் வந்த நேரமும் எழுத வேண்டும். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். அங்கே பார்ப்பதுதான் வேலை. இங்கே எதைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்துவைத்திருப்பது வேலையில் பாதி. கதவுகள் விஷயத்தில் இது எளிது, கதவு திறந்திருக்கும் அல்லது சாத்தியிருக்கும். போன் வந்த பிறகுதான் விதி தடுமாற ஆரம்பித்தது. பத்தொன்பது வயதுப் பையன் தன் அறையில் பியர் பாட்டில்களை அடுக்கி வைத்துப் படம் எடுத்து இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போடுகிறான். இந்த நாட்டில் 21 வயதுக்குள் மதுவை வாங்கக் கூடாது. எங்கள் விடுதியில் அந்த வயதுக்காரர்கள் அறையில் வைத்திருந்தாலே குற்றம். அறைக் கதவு பூட்டியிருக்கிறது, படம் என் உள்ளங்கையில் இருக்கிறது. இது கண்ணில் பட்டதா, ஃப்ரிட்ஜைத் திறந்ததா?

எங்கள் மேலாளர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. ஒருவர், "தெரிந்துவிட்டால் எழுதித்தான் ஆக வேண்டும்" என்பார். இன்னொருவர், "தெரியாமல் இருக்கப் பழகிக்கொள்" என்பார். நான் இரண்டாமவர் கட்சி. அதற்காக ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டேன். மாடியில் யார் என்னைப் பின்தொடர வேண்டினாலும் மே மாதம் வரை ஏற்பதில்லை. நானாக யாரையும் தேடுவதும் இல்லை. ஒருத்தி கொஞ்சம் கோபப்பட்டாள். "உனக்கு எங்களைப் பிடிக்கவில்லையா?" என்று நடைவழியிலேயே கேட்டாள். பிடிப்பதால்தான் என்று சொன்னால் புரிந்திருக்காது. "வேலை முடியட்டும்" என்றேன்.

ஆனால் இவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பார்த்துவிட்டுத்தான் விடுதிக்கே வருகிறார்கள். ஏப்ரலில் இடம் உறுதியானதுமே அந்த ஆண்டு மாணவர்களுக்கென்று இணையத்தில் பக்கங்கள் முளைத்துவிடும். மூன்று படங்கள், நான்கு வரிகள்: சீக்கிரம் தூங்குவேன், நாய் பிடிக்கும், ஜிம்முக்குப் போவேன், அறைத் தோழி தேவை. பெண் பார்க்கும் படலத்தில்கூட ஜாதகத்துக்கு இதைவிட அதிகப் பக்கம் ஒதுக்குவார்கள். இப்படிச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்த, ஒரே மாதிரியான பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்பதைக் கவனித்துத்தான் டியூக் பல்கலைக்கழகம் 2018-இல் சேர்ந்த முதலாண்டு மாணவர்களிலிருந்து, அறைத் தோழரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை நிறுத்தியது. யாரோடு யார் என்பதை இப்போது அங்கே பல்கலைக்கழகம் முடிவு செய்கிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது. இணையத்தில் பார்த்துச் சேர்ந்த இரண்டு பேர் அக்டோபரில் என் அறைக்கு வந்து சொல்லும் முதல் வாக்கியம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: "அவள் அங்கே இருந்த மாதிரி இங்கே இல்லை."

இதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. ஃபேஸ்புக்கே விடுதிப் பிள்ளைதான். 2004 பிப்ரவரி 4 அன்று ஹார்வர்டின் கிர்க்லண்ட் ஹவுஸ் என்ற மாணவர் விடுதியிலிருந்து அது கிளம்பியது. அப்போது ஹார்வர்டு மின்னஞ்சல் இல்லாதவர் உள்ளே நுழைய முடியாது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2003-இல், அதைத் தொடங்கிய மார்க் சக்கர்பெர்க் அங்குள்ள விடுதிகள் வைத்திருந்த மாணவர் படப் பட்டியல்களை அனுமதியில்லாமல் எடுத்து, இரண்டிரண்டு முகங்களாக அடுக்கி யார் அழகு என்று வாக்கெடுப்பு நடத்தும் ஒரு தளத்தைப் போட்டார். சில நாள்களுக்குள் அது மூடப்பட்டது. சக மாணவரின் முகத்தை அவருக்குத் தெரியாமல் பார்த்து மதிப்பெண் போடும் ஆசை, இப்போது உலகமே பயன்படுத்துகிற இந்தச் சாதனத்துக்குக் கொஞ்சம் மூத்தது.

பயிற்சியில் ஒரு பெயர் வரும்போது அறை அமைதியாகிவிடும்: டைலர் கிளெமென்டி. நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010-இல் முதலாண்டு சேர்ந்த, பதினெட்டு வயதுப் பையன். அவரும் அறைத் தோழரும் நேரில் சந்திக்கும் முன்பே ஒருவரையொருவர் இணையத்தில் தேடிப் பார்த்திருந்தார்கள். செப்டம்பரில் அவர் இன்னோர் ஆணோடு தனிமையில் இருந்ததை அறைத் தோழர் வெப்கேமரா வழியாகப் பார்த்து, அதை ட்விட்டரில் எழுதவும் செய்தார். கிளெமென்டி அந்த ட்வீட்டைப் படித்தார். அறை மாற்றம் கேட்டு விண்ணப்பித்தார். தன் மாடியின் ஆர்.ஏ.யிடம் சொல்லி, மின்னஞ்சலிலும் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு நாளுக்குள் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதைச் சொல்லிவிட்டுப் பயிற்சியாளர்கள் படிவங்களைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். என்னால் அந்த ஆர்.ஏ.யை விட்டு நகர முடிவதில்லை. அவரும் ஒரு மாணவர்தான். தன்னிடம் வந்ததைக் கேட்டார், எழுதி அனுப்பச் சொன்னார். நானும் அதையேதான் செய்திருப்பேன்.

ஆகவே என் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நானாகத் தேட மாட்டேன். ஆனால் யாராவது என் கதவைத் தட்டி ஒரு ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினால் அது கண்ணில் பட்டதுதான். பிப்ரவரியில் ஓர் இரவு, ஒன்றரை மணி இருக்கும், இரண்டு பெண்கள் ஒரு போனோடு வந்து நின்றார்கள். தோழிகள் சிலருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒருத்தி போட்டிருந்த கறுப்புத் திரை, அதில் நான்கு சொற்கள். டியூட்டியில் இருந்த மேலாளரை அழைத்துக்கொண்டே நடந்து போய் அந்தக் கதவைத் தட்டினேன். அழுது வீங்கிய முகத்தோடு திறந்தாள். "யார் காட்டினார்கள்?" என்பதுதான் அவள் முதலில் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள். அதற்கு மேல் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை கிடையாது.

கேட்பதிலும் இதே சிக்கல்தான். ஒரு பெண் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஒன்று சொல்லணும், யாரிடமும் சொல்லிவிடாதே" என்று ஆரம்பிப்பாள். அந்த இடத்திலேயே நான் அவளை நிறுத்த வேண்டும். பாலியல் அத்துமீறல், வன்முறை, தற்கொலை எண்ணம் என்றால் மேலே சொல்வது என் கடமை. சொல்ல வேண்டாம் என்றால் ஆலோசனை மையத்துக்குப் போ, அவர்கள் ரகசியம் காப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜீன் கிளரி என்ற மாணவி 1986 ஏப்ரலில் தன் விடுதி அறையிலேயே கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோரின் போராட்டத்தில் 1990-இல் வந்த சட்டம், வளாகக் குற்றங்களைக் கணக்கெடுத்து வெளியிடப் பல்கலைக்கழகங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அந்தக் கணக்குக்குத் தகவல் தர வேண்டியவர்களில் ஆர்.ஏ.யும் ஒருவர். காரணம் நியாயமானது. ஆனாலும், வாய் திறந்தவளைக் கை காட்டி நிறுத்தும் அந்த விநாடிக்கு எந்தப் பயிற்சியும் போதவில்லை. சிலர் நிறுத்தியதும் எழுந்து போய்விடுவார்கள்.

என்னை யார் பார்க்கிறார்கள் என்பது தனிக் கதை. கதவில் என் பெயரை வண்ணத்தாளில் வெட்டி ஒட்டியிருக்கிறேன். விடுதி அலுவலகத்தின் பட்டியலில் அப்பாவின் பெயரும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துத் தேடினால் உலகத்தில் நான் ஒருத்திதான் வருவேன் போலிருக்கிறது. தமிழில் எழுதினால் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் ஃபேஸ்புக்கைப் பூட்டாமல் வைத்திருந்தேன். போன டிசம்பரில் ஆச்சி இறந்தபோது அங்கே கொஞ்சம் எழுதினேன். மாடியில் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து என் கதவின் அடியில் ஓர் அட்டை கிடந்தது. "உன் பாட்டிக்காக வருந்துகிறேன். அவர் செய்த முறுக்கைப் பற்றி நீ எழுதியிருந்தது அழகாக இருந்தது." கையெழுத்து இல்லை. மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்திப் படித்திருக்கிறார்கள். அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதே சமயம், என் ஃப்ரிட்ஜை யாரோ திறந்து பார்த்துவிட்டார்கள் என்ற கூச்சமும் போகவில்லை.

பெயரில்லாமல் எழுதும் இடங்கள் இன்னும் வேடிக்கை. யிக் யாக் என்று ஒரு செயலி. தென் கரோலினாவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் படித்த இருவர் 2013-இல் தொடங்கியது. வசைகளும் மிரட்டல்களும் பெருகி, கூட்டம் குறைந்து, 2017-இல் மூடி, 2021-இல் மறுபடி வந்தது. பக்கத்தில் இருப்பவர்கள் எழுதுவது மட்டும் தெரியும், எழுதியவர் பெயர் தெரியாது. 'நாலாம் மாடி ஆர்.ஏ. ராத்திரி பதினொரு மணிக்குப் பொதுச் சமையலறையில் எதையோ தாளிக்கிறாள், எனக்குக் கண் எரிகிறது' என்று ஒருவர் எழுதியிருப்பதாக இன்னொரு ஆர்.ஏ. சிரித்துக்கொண்டே காட்டினாள். வாக்கியத்தின் நடையைப் பார்த்ததுமே ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் லிஃப்டில் 'ஹாய்' சொல்கிற பையன். காட்டிக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து ஒன்பது மணிக்கே தாளித்தேன்.

போன் தரும் இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் கேரளத்தில் வேறு தீர்வு கண்டார்கள். கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை போன் கூடாது என்றார்கள். பிறகு அதை மாலை ஆறு முதல் இரவு பத்து வரை என்று மாற்றினார்கள். படிக்கிற நேரமே அதுதானே என்று மறுத்த மாணவியை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர் வழக்குப் போட்டார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடக்கம் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ வார்டனுக்கு என்னதான் வேல?" என்றாள். நியாயமான கேள்வி.

மே மாதம் விடுதி காலியானது. சாவிகளை எண்ணி ஒப்படைத்துவிட்டு, ஆண்டு முழுக்கக் காத்திருந்த வேண்டுகோள்களை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டேன். சிலர் அலுத்துப்போய் எப்போதோ திரும்பப் பெற்றிருந்தார்கள். மற்றவர்களின் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். பனிக்காலத்துப் படங்களில், கடைசி அறைக்காரியின் கட்டிலில், ஹீட்டர் பக்கமாகச் சுருண்டபடி ஒரு சாம்பல் நிறப் பூனை. அக்டோபரில் இருக்கிறது, ஜனவரியில் இருக்கிறது, ஏப்ரலில் பிறந்தநாள் தொப்பி போட்டுக்கொண்டு இருக்கிறது. கீழே மாடியே திரண்டு வாழ்த்து எழுதியிருக்கிறது. அந்த அறையை இரண்டு பருவத்திலும் நான் பார்வையிட்டு, 'குறை எதுவும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பூனையை உள்ளே கொண்டுவந்தது யார், நான் பார்வையிட்ட அந்த இரண்டு நாளும் அது எங்கே இருந்தது என்பதெல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது அடுத்த வாரம்.