உங்களுக்குத் தெரியுமா? ஒரு நாள் தலைவர், மீசைக்குத் தடை, மாட்டுவண்டியில் காசு!

பண்டைய கிரேக்கம் ஒரே நாடு என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இல்லவே இல்லை! ஊருக்கு ஓர் அரசு. அப்படிப்பட்ட நகர அரசுகள் 1,000-க்கும் மேல்! பேசிய மொழி ஒன்று. கும்பிட்ட சாமிகளும் ஒன்று. சட்டம் மட்டும் ஊருக்கு ஊர் வேறு! அதிலும் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் கீரியும் பாம்பும். தேடித் தேடிப் பிடித்த சேதிகள் இதோ. அசந்து போவீர்கள்!

ஏதென்ஸ்: தொட்டதெல்லாம் குலுக்கல்!

ஒரே ஒரு நாள் நாட்டுக்குத் தலைவராக இருக்க ஆசையா? ஏதென்ஸில் முடியும்! 500 பேர் மன்றத்தின் தலைமைக் குழுவிலிருந்து தினமும் ஒருவரைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். கஜானா சாவியும் அரசு முத்திரையும் அவர் கையில். பதவிக்காலம் ஒரு பகல், ஓர் இரவு. வாழ்நாளில் இரண்டாவது முறை கிடையாது!

கி.மு. 406. கடற்போரில் ஜெயித்த தளபதிகளுக்கே மரண தண்டனை கேட்டது மக்கள் கூட்டம்! குற்றம்? புயலில் தத்தளித்த சொந்த வீரர்களை மீட்காமல் வந்தது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு நடத்துவது சட்டவிரோதம் என்று தலைமைக் குழுவில் ஒரே ஒருவர் கடைசிவரை மறுத்தார். அவர் சாக்ரடீஸ்! பலனில்லை. 6 தளபதிகளின் உயிர் போயிற்று!

அந்த 6 பேரில் ஒருவர் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸின் மகன்! அப்பா, அம்மா இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடியுரிமை என்று கி.மு. 451-ல் சட்டம் கொண்டுவந்தவரே பெரிக்ளிஸ்தான். இந்த மகனைப் பெற்ற அஸ்பேசியாவோ மிலெட்டஸ் ஊர்க்காரி! மூத்த மகன்கள் இருவரையும் கொள்ளைநோய் கொண்டுபோனது. மனமிரங்கிய மக்கள் இந்த மகனுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார்கள். குடியுரிமை கொடுத்த கூட்டமே பிற்பாடு உயிரையும் எடுத்தது!

குலுக்கலுக்கு இயந்திரமே வைத்திருந்தார்கள்! கல்பலகையில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்த ஒரு தகடு. பக்கத்துக் குழாய்க்குள் கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை மொத்தமும் இன்று நீதிபதிகள். கறுப்பு விழுந்தால் வீட்டுக்கு! யார் எந்த வழக்குக்கு என்பது காலையில்தான் தெரியும். லஞ்சம் கொடுக்க ஆள் பிடிப்பது எப்படி?

ஒரு வழக்குக்கு எத்தனை நீதிபதிகள்? 201, 401, 501! பட்டியலில் ஆண்டுக்கு 6,000 பேர். வழக்கு எதுவானாலும் தீர்ப்பு அன்றைக்கே. வாய்தாவே கிடையாது!

வக்கீல் கிடையாது. அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். அதுவும் தண்ணீர் ஒழுகி முடிவதற்குள்! அப்படியொரு மண்சட்டிக் கடிகாரம் ஏதென்ஸ் கடைவீதியைத் தோண்டியபோது கிடைத்தது. கொள்ளளவு சுமார் 6.4 லிட்டர். ஓடும் நேரம் 6 நிமிடம்!

கல்லுக்கும் கட்டைக்கும் வழக்கு! மேலே விழுந்து ஆளைக் கொன்ற பொருளைக் கூண்டில் ஏற்றாத குறையாக விசாரிப்பார்கள். தீர்ப்பு? நாடு கடத்தல்!

அரசியல் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கச் சாயக் கயிறு! செஞ்சாயத்தில் நனைத்த கயிற்றை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு சந்தையில் அரட்டை அடிப்பவர்களை வளைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். சாயம் ஒட்டிய உடுப்பு ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்! பிற்பாடு வருகிறவர்களுக்குப் படிக்காசே கொடுத்தார்கள். முதலில் 1 ஓபோல் காசு, அப்புறம் 2, அதற்கும் அப்புறம் 3!

யாரையாவது பிடிக்கவில்லையா? உடைந்த பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போடுங்கள். 6,000 ஓடுகள் சேர்ந்துவிட்டால், அதிக ஓடு வாங்கிய ஆள் 10 ஆண்டு ஊரைவிட்டு வெளியே! குற்றச்சாட்டு வேண்டாம், விசாரணை வேண்டாம். சொத்து மட்டும் அவருக்கே பத்திரம்!

கள்ள ஓட்டு ஏற்பாட்டுக்கும் கையும் களவுமாகச் சாட்சி இருக்கிறது! ஒரே கிணற்றில் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எழுதிய கைகள் வெறும் 14!

போர்க்கப்பல் பராமரிப்புச் செலவு ஊரின் பணக்காரர் தலையில்! "என்னைவிட அவர் பெரிய பணக்காரர்" என்று இன்னொருவரைக் கைகாட்டித் தப்பிக்கலாம். அவர் மறுத்தால்? இருவரும் சொத்தை அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும்!

கள்ளக்காசு பிடிக்கும் அதிகாரி யார் தெரியுமா? ஓர் அடிமை! சந்தையில் காசுக்கடை மேஜைகளுக்கு நடுவே தினமும் உட்கார்ந்திருப்பார். கொண்டுவரும் வெள்ளிக் காசைச் சோதிப்பார். உள்ளே செம்போ ஈயமோ தெரிந்தால் அங்கேயே குறுக்கே வெட்டிவிடுவார். வெட்டிய காசு தெய்வத்தாய்க்குச் சொந்தம்! அவர் நல்லது என்று சொன்ன காசை வாங்க மறுக்கும் வியாபாரியின் அன்றைய சரக்கு முழுவதும் பறிமுதல். சரி, அதிகாரி வேலைக்கே வராவிட்டால்? 50 சவுக்கடி! கி.மு. 375-ல் கல்லில் வெட்டிய சட்டம் இது!

ஸ்பார்ட்டா: மூச்சு விடவும் சட்டம்!

ஒரு நாட்டுக்கு ஒரு ராஜா போதாதா? ஸ்பார்ட்டாவில் ஒரே நேரத்தில் 2 ராஜாக்கள்! இரண்டும் தனித்தனி வம்சம். இரண்டுக்கும் ஜென்மப் பகை! விருந்தில் ராஜாவுக்கு இரட்டைப் பங்கு சாப்பாடு. ராஜா செத்தால் 10 நாள் சந்தை மூடல்!

ராஜாக்களையே ஆட்டிப் படைத்தவர்கள் 5 பேர். எபோர்கள் என்று பெயர். ஒவ்வொரு ஒன்பதாவது ஆண்டும் நிலவில்லாத இரவில் வானத்தைப் பார்த்து உட்காருவார்கள். எரிநட்சத்திரம் விழுந்ததோ போச்சு! ராஜா தெய்வக்குற்றம் செய்துவிட்டார் என்று பதவி நிறுத்திவைப்பு. அருள்வாக்கு வந்தால்தான் மறுபடி சிம்மாசனம்!

அந்த 5 பேர் பதவியேற்றதும் போடும் முதல் உத்தரவு என்ன? எல்லோரும் மீசையை மழியுங்கள்! சட்டத்துக்குக் கீழ்ப்படியுங்கள்! அவர்கள் சாப்பிடும் கூடத்தை ஒட்டி ஒரு கோயில். உள்ளே இருந்த சாமி யார்? பயம்!

28 பேர் முதியோர் சபைக்குத் தேர்தல் சத்தத்தால்! 60 வயது தாண்டியவர்கள் ஒவ்வொருவராகக் கூட்டத்தின் முன் நடப்பார்கள். யாருக்குக் கரகோஷம் அதிகம் என்பதைக் குறிக்க, சில பேரைப் பக்கத்துக் கட்டடத்தில் பூட்டி வைத்திருப்பார்கள். ஆளைப் பார்க்கவே முடியாது, காதுதான் கணக்கு! சிறுபிள்ளைத்தனம் என்று அரிஸ்டாட்டிலே தலையில் அடித்துக்கொண்டார்!

காசு? இரும்பு! கொஞ்சம் பணம் சேர்த்தாலே வீட்டில் தனி அறை வேண்டும், கொண்டுபோக மாடு பூட்டிய வண்டி வேண்டும் என்கிறார் பழங்கால எழுத்தாளர் புளூடார்க். திருடன் வந்தால் இடுப்பு ஒடிந்துவிடும்!

ஆண்கள் வீட்டில் ராச்சாப்பாடு சாப்பிடக் கூடாது! சுமார் 15 பேர் சேர்ந்த பொதுப்பந்தி. புது ஆளைச் சேர்க்க வாக்கெடுப்பு ரொட்டியால்! பணியாள் தலையில் பாத்திரத்தோடு சுற்றி வருவார். ஒவ்வொருவரும் ஒரு ரொட்டித் துண்டைச் சத்தமில்லாமல் அதில் போடுவார்கள். சம்மதம் என்றால் அப்படியே. வேண்டாம் என்றால் உள்ளங்கையில் நசுக்கிவிட்டு. நசுங்கிய துண்டு ஒன்றே ஒன்று இருந்தாலும் ஆள் அவுட்!

பந்தியின் சிறப்பு உணவு? பன்றிக்கறியும் ரத்தமும் சேர்த்த கறுப்புக் குழம்பு! மாதாமாதம் பார்லி மாவு, ஒயின், பாலாடைக்கட்டி, அத்திப்பழம் என்று பங்கு கொடுக்க வேண்டும். கொடுக்க முடியவில்லையா? குடியுரிமையே பறிபோகும்!

ராஜாவுக்கும் அதே சட்டம்தான்! ஏதென்ஸைத் தோற்கடித்துவிட்டு வந்த ராஜா ஏகிஸ், இன்று ஒரு நாள் மனைவியோடு வீட்டில் சாப்பிடுகிறேன் என்று பங்கைக் கேட்டனுப்பினார். தர மறுத்துவிட்டார்கள்! கோபத்தில் மறுநாள் அவர் பலிச் சடங்கை நடத்தவில்லை. ஜெயித்து வந்த ராஜாவுக்கு அபராதம்!

பையனுக்கு 7 வயதானால் அரசே கூட்டிக்கொண்டு போய்விடும். ஆண்டுக்கு ஒரே ஒரு மேலாடை. படுக்க நாணல். அதையும் ஆற்றங்கரையில் கத்தியில்லாமல் வெறும் கையால் முறித்து எடுக்க வேண்டும்! சாப்பாடு அரைவயிறு. திருடிச் சாப்பிடலாம். மாட்டிக்கொண்டால் அடி! அடி திருடியதற்கு அல்ல, மாட்டிக்கொண்டதற்கு!

கல்யாணம் செய்யாமல் காலம் கடத்தினால்? நடுக்குளிரில் சந்தையைச் சுற்றி ஆடையில்லாமல் நடக்க வேண்டும்! தங்களைத் தாங்களே கேலி செய்யும் பாட்டையும் பாடிக்கொண்டே! 3 மகன்களைப் பெற்றவருக்குப் படைச்சேவை கிடையாது. 4 பெற்றால் வரியே கிடையாது!

ஸ்பார்ட்டா நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் பெயரில்! கணக்குச் சொன்னவர் அரிஸ்டாட்டில்.

ஒலிம்பிக்கில் ஜெயித்த முதல் பெண்ணும் ஸ்பார்ட்டாக்காரிதான்! ராஜகுமாரி கினிஸ்கா. கி.மு. 396-லும் 392-லும் நாலு குதிரைத் தேரில் வெற்றி. ஆனால் தேரை ஓட்டியது அவர் அல்ல! தேர்ப் பரிசு ஓட்டியவருக்கு அல்ல, குதிரைக்குச் சொந்தக்காரருக்கு!

இந்த வீரமெல்லாம் யார் உழைப்பில்? ஹெலாட்டுகள் என்ற அடிமை உழவர்கள்! ஆண்டுதோறும் அவர்கள் மீது எபோர்கள் முறைப்படி போர் அறிவிப்பார்கள். கொன்றால் பாவமில்லை! ஒருமுறை போரில் சாதித்தவர்களுக்கு விடுதலை என்று அறிவித்தார்கள். மாலை போட்டுக் கோயில் கோயிலாகச் சுற்றி வந்தவர்கள் சுமார் 2,000 பேர். ஒருவர்கூட மறுபடி கண்ணில் படவில்லை!

கி.மு. 480-ல் ஸ்பார்ட்டாவின் வீரக் குடிமக்கள் 8,000 பேர். அரிஸ்டாட்டில் காலத்தில்? 1,000-கூட இல்லை!

மற்ற ஊர்கள் மட்டும் சளைத்தவையா?

லோக்ரி நகரில் புதுச் சட்டம் கொண்டுவர வேண்டுமா? கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு வந்து பேச வேண்டும்! சட்டம் பிடித்தால் பிழைத்தீர்கள். பிடிக்காவிட்டால் கயிறு இறுகும்! 200 ஆண்டுக்கும் மேல் அங்கே வந்த புதுச் சட்டம் எத்தனை என்று ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் சொல்கிறார் தெரியுமா? ஒன்றே ஒன்று!

ஒயினுக்குப் பேர்போன மிட்டிலீனியில், குடித்துவிட்டுக் குற்றம் செய்தால் தண்டனை இரட்டிப்பு! போதையில் செய்துவிட்டேன் என்ற சாக்கெல்லாம் சட்டம் போட்ட பிட்டகஸிடம் செல்லாது!

சிரக்யூஸில் பானை ஓட்டுக்குப் பதில் ஒலிவ இலை! பெயர் எழுதி வெளியேற்றினால் 5 ஆண்டு. கெட்டிக்காரர்களெல்லாம் பொதுவாழ்க்கையே வேண்டாம் என்று ஒதுங்கியதால் சட்டத்தையே தூக்கிவிட்டார்கள்!

கிரீட் தீவின் கோர்ட்டின் நகரில் சட்டப்புத்தகமே சுவர்தான்! சுமார் 600 வரிகள். ஒரு வரி வலமிருந்து இடம், அடுத்த வரி இடமிருந்து வலம். ஏர் உழுகிற மாதிரியே எழுதியிருக்கிறார்கள். 2,400 ஆண்டுக்கு மேல் ஆகியும் சுவர் நிற்கிறது!

பகையும் முடிவும்!

பகையாளிகளுக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை! மண்ணும் நீரும் கொடுத்துப் பணியுங்கள் என்று பாரசீகத் தூதர்கள் வந்தார்கள். ஏதென்ஸ் அவர்களைக் குழியில் தள்ளியது. ஸ்பார்ட்டா கிணற்றில் தள்ளியது. வேண்டிய மண்ணும் நீரும் அங்கேயே இருக்கிறதாம்!

கி.மு. 427. கலகம் செய்த மிட்டிலீனியின் ஆண்கள் அத்தனை பேரையும் கொல்லச் சொல்லி ஏதென்ஸ் கப்பல் அனுப்பியது. மறுநாள் மனம் மாறி, உத்தரவை ரத்து செய்ய இன்னொரு கப்பல்! ஒயினிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் தின்றுகொண்டே துடுப்புப் போட்டார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள். கொலை உத்தரவைப் படித்து முடித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது இரண்டாவது கப்பல்! ஊர் தப்பியது. கலகத் தலைவர்கள் என்று சொல்லப்பட்ட 1,000-க்கும் மேற்பட்டவர்கள் மட்டும் தப்பவில்லை.

சரணடையவே மாட்டார்கள் என்று பேரெடுத்த ஸ்பார்ட்டா படையில் கி.மு. 425-ல் 292 பேர் சரண்! பறித்த கேடயம் ஒன்றில் அதைப் பொறித்தும் வைத்தார்கள் ஏதென்ஸ்காரர்கள். இன்றும் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்!

இரு ஊரும் மோதிய 27 ஆண்டுப் போர் கி.மு. 404-ல் முடிந்தது. ஏதென்ஸ் தோற்றது. ஊரையே தரைமட்டமாக்கச் சொன்னவை கொரிந்தும் தீப்ஸும். முடியாது என்று காப்பாற்றியது யார்? பரம எதிரி ஸ்பார்ட்டா! மதில்களை மட்டும் இடித்தார்கள். அதுவும் குழல் வாசித்த பெண்களின் இசையோடு!

அப்புறம் அமைதி ஒப்பந்தம்? அடையாளமாக ஒன்றில் இரு நகர மேயர்களும் கையெழுத்துப் போட்டார்கள். எப்போது தெரியுமா? 1996-ல்! போர் முடிந்து சுமார் 2,400 ஆண்டு கழித்து!