எண்ணப்படாத மாணவர்

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. தொகையிடுதல் ஒன்று, நினைத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒரு சொல்லிலே அமைந்திருத்தல் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை, அமெரிக்க நாட்டுப் பள்ளிகளில் மாற்றுத்திறனாளி மாணவர் அடைந்த நிலையை நோக்குவோர் நன்கு உணர்வர்.

கண்ணொளி இழந்தோர், செவிப்புலன் குன்றியோர், அறிவு வளர்ச்சியிற் பின்தங்கியோர், எழுத்துக் கூட்டிப் படித்தற்கு இடர்ப்படுவோர் எனப் பல திறத்தினர் இம்மாணவர். 1975-ஆம் ஆண்டிற்கு முன்னர் அந்நாட்டில் இத்தகைய குழந்தைகளுள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்குப் பொதுப்பள்ளிகளின் கதவு அடைபட்டே கிடந்தது. அவ்வாண்டு இயற்றப்பெற்ற சட்டம் அக்கதவைத் திறந்தது. மாற்றுத்திறனாளிக் குழந்தை ஒவ்வொன்றிற்கும் கட்டணமின்றித் தக்க கல்வி அளித்தல் வேண்டும் என்றும், பெற்றோரும் ஆசிரியரும் கூடி அக்குழந்தைக்கென்றே தனிக்கல்வித் திட்டம் ஒன்று வகுத்து, ஆண்டுதோறும் அதனை ஆராய்தல் வேண்டும் என்றும் அது விதித்தது.

பள்ளியினுள் இடம் கிடைத்தது. பள்ளியின் கணக்கில் இடம் கிடைக்கவில்லை. மாநிலம் நடத்தும் பொதுத்தேர்வுகளினின்று இம்மாணவரை விலக்கி வைத்தல் பல இடங்களில் வழக்கமாயிற்று. இரக்கத்தால் விலக்கினோரும் உண்டு. பள்ளியின் சராசரி தாழ்ந்துவிடுமே என்னும் அச்சத்தால் விலக்கினோரும் உண்டு. எக்காரணத்தால் விலக்கினும் விளைவு ஒன்றே. தேர்வெழுதாத மாணவன் யாது கற்றான் என்று கேட்பார் இலர். கேட்பார் இல்லாதவிடத்துக் கற்பிப்பாரின் ஊக்கமும் தளர்வது இயல்பு. ஆதலின் 1997-இல் சட்டம் திருத்தப்பெற்று, வேண்டிய வசதிகள் செய்து தந்து இம்மாணவரையும் தேர்வில் சேர்த்தல் வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது.

2002-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இதனினும் கடுமையான சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. ‘எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது’ என்பது அதன் பெயரின் கருத்து. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு முடிய ஆண்டுதோறும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும், படித்தலிலும் கணக்கிலும் தேர்வு நடத்துதல் வேண்டும் என்று அது கட்டளையிட்டது. ஆயினும் அச்சட்டத்தின் உயிர்நிலை தேர்வில் இல்லை. தேர்வின் முடிவைப் பகுத்துக் காட்டும் முறையில் இருந்தது.

ஒரு பள்ளியில் 100 மாணவர் பயில்வதாகக் கொள்வோம். அவருள் 88 பேர் தேர்ச்சியுற, எஞ்சிய 12 பேர் தேறவில்லை. நூற்றுக்கு 88 என்று கேட்ட ஊரார் அப்பள்ளியைப் பாராட்டுவர். தேறாத பன்னிருவரும் மாற்றுத்திறனாளிகளே எனின், அவ்வுண்மை 88 என்னும் எண்ணிற்குள் மறைந்துவிடும். புதிய சட்டம் அவ்வாறு மறைய விடவில்லை. வறியோர், ஆங்கிலம் புதிதாகக் கற்போர், மாற்றுத்திறனாளிகள் முதலாக ஒவ்வொரு பிரிவின் தேர்ச்சியையும் தனித்தனியே வெளியிடச் செய்தது. ஒரு பிரிவு குறித்த அளவை எட்டாவிடினும் அப்பள்ளி தவறியதாகவே கொள்ளப்பட்டது. பலவீனரைத் தேர்வு நாளில் ஒதுக்கிவிடாதபடி, பிரிவுதோறும் நூற்றுக்கு 95 பேரேனும் தேர்வெழுதுதல் வேண்டும் என்ற விதியும் உடன் நின்றது.

ஆசிரியர் பலர் இச்சட்டத்தை வெறுத்தனர். அவர்தம் குறை முற்றும் பொய்யன்று. ஆண்டின் தொடக்கத்தில் ஓரெழுத்தும் அறியாத சிறுவன், ஆண்டு முடிவில் ஒரு பக்கம் படிக்கும் ஆற்றல் பெற்றான் என்றால் அஃது அரிய வெற்றி. தேர்வுத்தாளோ அவனைத் தவறியவன் என்றே கூறும். 2014-க்குள் மாணவர் அனைவரும் தேர்ச்சியுற வேண்டும் என்னும் இலக்கும் மனித முயற்சிக்கு அடங்குவதாய் இல்லை. அறிவு வளர்ச்சியில் மிகவும் பின்தங்கியோர்க்கு வேறு தேர்வு வைக்க 2003-இல் இசைவு தரப்பட்டது. ஆயினும் அவ்வழியே பெற்ற தேர்ச்சியை மாணவர் தொகையில் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவிற்குமேற் கணக்கிற் சேர்த்தல் கூடாது. இவ்வரம்பு இல்லையெனின் இடர்ப்படுவோர் அனைவரையும் அவ்வெளிய தேர்விற்குத் தள்ளிவிடுவது பள்ளிகளுக்கு எளிதாயிருக்கும். 2015-இல் பழைய சட்டத்திற்கு மாற்றாக வந்த சட்டம் தண்டனைகளைத் தளர்த்தி, அளவுகோல்களை வகுக்கும் உரிமையை மாநிலங்களுக்கே பெரும்பாலும் விட்டது. எனினும் பிரிவுவாரிக் கணக்கைக் கைவிடவில்லை.

எண்ணுதலே தீங்காய் முடிந்த கதையும் அந்நாட்டில் உண்டு. 2004-ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலக் கல்வித்துறை, மாவட்டங்களைக் கண்காணிக்கும் அளவுகோல்களுள் ஒன்றாக, சிறப்புக் கல்வி பெறுவோர் நூற்றுக்கு 8.5-க்கு மேற்படாதிருத்தலை வைத்தது. அக்காலத்து அம்மாநிலத்தில் அத்தொகை ஏறத்தாழ நூற்றுக்கு 12 ஆக இருந்தது. நோயாளிகள் இத்தனை பேரே இருக்கலாம் என்று மருத்துவமனைக்கு வரம்பு கட்டினாற்போன்றது இது. நல்ல மதிப்பெண் வேண்டிய மாவட்டங்கள் குழந்தைகளைச் சோதித்தறிவதைத் தாழ்த்தின. வேறு சிறு உதவிகளைக் காட்டிப் பெற்றோரைத் திருப்பியனுப்பின. தொகை ஆண்டுதோறும் இறங்கி 8.5-ஐ அடைந்தது. தாளில் நோக்கினார்க்கு அது முன்னேற்றமாகவே தோன்றியிருக்கும்.

2016-இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் என்னும் நாளிதழ் இதனை வெளிப்படுத்தியது. 2017-இல் மாநிலச் சட்டமன்றம் அவ்வரம்பைத் தடை செய்தது. 2018 ஜனவரியில், மாநிலம் சட்டத்தை மீறியது என்று கூட்டரசின் கல்வித்துறை முடிவு கூறிற்று. பின்வந்த ஆண்டுகளில் தொகை மீண்டும் ஏறி, 12-ஐக் கடந்தது. முன்னர் மறுக்கப்பட்டோரைத் தேடிக் கண்டு, இழந்த கல்விக்கு ஈடு செய்தல் வேண்டும் என்றும் மாநிலத்திற்கு ஆணையிடப்பட்டது. அத்தேடல் எளிதன்று. 2004-இல் ஆறு வயதினனாய்ப் பள்ளிக்கு வந்த சிறுவன், செய்தி வெளியான ஆண்டில் பதினெட்டு வயது நிரம்பியிருந்தான்.