காட்டை வெட்டினால் ஓடையில் நீர் கூடுவது ஏன்?

மரம் இருந்தால்தான் ஆறு ஓடும் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இக்கேள்வி விபரீதமாகப் படலாம். ஆயினும் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்ட் புரூக் மலைக்காட்டில் நடந்தது அதுவே.

ஓர் ஓடைக்கு மழைநீரை வடித்துத் தரும் நிலப்பரப்பு முழுவதும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி எனப்படும். அத்தகைய பகுதி ஒன்றில் 1965ஆம் ஆண்டின் இறுதியில் மரங்கள் அனைத்தும் வீழ்த்தப்பட்டு அங்கேயே கிடத்தப்பட்டன. மறுபடி தளிர்க்காதபடி களைக்கொல்லியும் தெளிக்கப்பட்டது. பக்கத்துப் பகுதியோ ஒப்பீட்டுக்காகத் தொடப்படாமல் விடப்பட்டது. ஓடை வெளியேறும் இடத்துச் சிறு தடுப்பணையில் ‘வி’ வடிவ வெட்டு ஒன்று உண்டு. அதில் நீர் நிற்கும் உயரத்தைக் கொண்டு ஓட்டம் கணிக்கப்பட்டபோது, முதலாண்டிலேயே அது ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியிருந்தது.

அந்த நீர் எங்கிருந்து வந்தது? வீட்டு வரவுசெலவுக் கணக்கை எண்ணிப் பாருங்கள்: மழை வரவு, மண்ணில் தங்கும் ஈரம் கையிருப்பு, ஓடையில் போவதும் இலைவழி ஆவியாவதும் செலவு. வேர்கள் உறிஞ்சி இலைகள் காற்றில் விடும் பெருஞ்செலவு நின்றுவிட, மிஞ்சியது ஓடைக்குப் போயிற்று. ஆற்றுப்படுகைகளுக்கான கணினி மாதிரிகளும் இதே கணக்கைத்தான் சரிவு, மண், பயிர் எனப் பிரித்து நாள்தோறும் எழுதுகின்றன.

இதை இலாபம் என்று கொள்வது அவசரம். உறிஞ்ச வேரின்றி, மண்ணின் சத்தான நைட்ரேட் பலமடங்காக ஓடையில் கரைந்து வெளியேறியது. ஆகவே 1970இல் அங்கே வேறொரு பகுதியில், கரையோர மரங்களை விட்டுவைத்து, பட்டை பட்டையாக, சில ஆண்டு இடைவெளியில் வெட்டும் முறை சோதிக்கப்பட்டது.