ஏ.டி.எம். திரையில் வரும் கேள்வி

பிராக், வியன்னா, புடாபெஸ்ட் நகரங்களைத் தனியாக, குறைந்த செலவில் சுற்றிவர விருப்பமா? பிராக்கில் கொருனா, வியன்னாவில் யூரோ, புடாபெஸ்ட்டில் ஃபோரின்ட் என மூன்று கரன்சிகள். எனவே ஊருக்கு ஊர் ஏ.டி.எம். தேட வேண்டியிருக்கும்.

புறப்படும் முன், உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டினை வங்கியின் இணையதளத்தில் இயக்கிடுங்கள். புதிய இந்திய கார்டுகளில் இது நிறுத்தப்பட்டே வரும்.

அங்கே பணம் எடுக்கையில், “ரூபாயில் கணக்கிடலாமா?” எனத் திரையில் கேட்கப்படலாம். தெரிந்த கரன்சி என்பதால் சம்மதிக்கத் தோன்றும். சம்மதித்தால், ஏ.டி.எம். நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்து நிர்ணயித்த விகிதத்தில் கணக்கிடும். மறுத்து, அந்நாட்டுக் கரன்சியைத் தேர்ந்தெடுத்தால் விசா அல்லது மாஸ்டர்கார்டின் விகிதம் கிடைக்கும். பெரும்பாலும் இதுவே நமக்கு லாபம். வங்கிக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் வரும், பயம் வேண்டாம். கடைகளின் கார்டு மெஷினிலும் இதே கேள்வி வரலாம், பதிலும் இதேதான்.